டல்சியின் டப்பாவில் ஆறு தோட்டாக்கள்

டல்சி மக்ரேயிடம் தோட்டாவைப் பற்றி வாய் கொடுத்தால் மீள முடியாது என்பது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். அறுபத்தொரு வயது. ஓட்டாகோ மலையடிவாரத்தில் பதினான்கு பண்ணைகளுக்கு முயல் கொல்வது அவள் வேலை. செர்ரிக் கன்றின் பட்டையை முயல் சுற்றிக் கடித்துவிட்டால் கன்று அவ்வளவுதான். அதனால் அவளைக் கூப்பிடாத வீடு கிடையாது, கூப்பிட்டுவிட்டு அவளிடம் திட்டு வாங்காத வீடும் கிடையாது.

அவள் அப்பாவுக்கும் அதே தொழில். இரும்புப் பல் பொறி வைத்துப் பிடித்தவர். ஏழு வயதில் அவரோடு பொறி பார்க்கப் போனபோது, கால் மாட்டிய முயல் ஒன்று கைக்குழந்தை மாதிரி வீறிட்டதைக் கேட்டாளாம். "அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்குடி நோலீன்" என்று என்னிடம் சொல்வாள். கொன்றால் முயலுக்கே தெரியாமல் கொல்ல வேண்டும், முடியாவிட்டால் சுடாமல் வீட்டுக்கு வர வேண்டும். அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவளுடைய பாயின்ட் இருபத்திரண்டு ரக ரைஃபிளுக்கு அவள் தோட்டா தேர்ந்தெடுத்த கூத்தை நானே பார்த்தேன். ஐந்து விதமான பெட்டிகள் வாங்கி, ஐம்பது மீட்டரில் காகிதம் கட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டாள். ஐந்து ஓட்டையும் ஒரு இரண்டு டாலர் நாணயத்துக்கு அடியில் மறைய வேண்டும். விலை கூடின பெட்டி, அம்மை போட்ட மாதிரி காகிதம் முழுக்க ஓட்டையைச் சிதறவிட்டது. கடைசியில் துப்பாக்கிக்குப் பிடித்தது சிவப்புப் பெட்டி: மூக்கில் குழி உள்ள, சத்தம் குறைந்த, மெதுவான தோட்டா. குழி இருப்பதால் முயலுக்குள்ளேயே விரிந்து, அங்கேயே நின்றுவிடும். முயலும் அதே நொடியில் விழுந்துவிடும். குழி இல்லாத வேகத் தோட்டா ஊடுருவிப் போகும், கல்லில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எங்கள் மலையோ முழுக்கப் பலகைக் கல்.

"தோட்டா எல்லாம் தோட்டாதானே?" என்று என் புருஷன் மர்டோ ஒரு தடவை கேட்டுவிட்டு, அவள் விளக்கத்தைக் கேட்டு முக்கால் மணி நேரம் நின்றான் பாவம்.

இவ்வளவும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனவள் நான். அப்படியும் செய்தேனே, என்னை எதால் அடிப்பது?

அன்று செப்டம்பர் மாதம், மத்தியானம். டல்சி எங்கள் மேல் வயலுக்குச் சுட வந்தவள், போகுமுன் என் சமையலறையில் சீஸ் ஸ்கோன் ரொட்டியும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியது. அட்டைப்பெட்டி குலுங்கினால் முயல் ஓடிவிடும் என்று அவள் தோட்டாவை ஒரு பழைய புகையிலை டப்பாவில், கம்பளித் துணி சுற்றி வைத்திருப்பாள். நானோ மர்டோவின் அழுக்குக் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் ஆறு தோட்டா கிடந்தது, அவன் தகர டின் சுட்டு விளையாடுகிற, மூக்கில் குழி இல்லாத மலிவுச் சரக்கு. துவைக்கிற இயந்திரத்தில் போய்விடுமே, வீணாகவும் கூடாதே என்று, டல்சி முகம் கழுவப் போன சமயம் ஆறையும் அவள் டப்பாவில் போட்டு மூடினேன். நீளமும் பருமனும் ஒன்றுதான். சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பால்காரன் வந்தான், மறந்துவிட்டேன்.

நான்கு மணிக்கு இரண்டு பேரும் மேலே ஏறினோம். நான் கணக்குப் பார்க்கிற ஆள், விழுந்த முயலை எடுத்து வர.

"மர்டோ எங்க?" என்றாள் டல்சி. மலையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் அவள் துப்பாக்கியைத் தொடமாட்டாள்.

"மேட்டுக்கு அந்தப் பக்கம். வாய்க்கால் தூர் வாரிக்கிட்டிருக்கான்."

"மேடு நடுவுல இருக்கு, முயலுக்குப் பின்னால மண்ணு இருக்கு. சரி."

அறுபது மீட்டரில் ஒரு ஆண் முயல் எழுந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் மண்கரை. மண்கரைக்கு மேல், அதன் காதுக்கு நான்கு விரல் உயரத்திலிருந்து, கல் தொடங்கியது. டல்சி டப்பாவைத் திறந்து, கண்ணை முயலிலிருந்து எடுக்காமல், விரலால் தடவி ஒவ்வொன்றாகச் செருகினாள். படுத்தாள். மூச்சை விட்டாள்.

வழக்கமாக 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்தான் வரும். அன்று 'பட்டார்' என்று சாட்டை அடித்த மாதிரி வெடித்தது. மெதுத் தோட்டாவுக்குக் குறி வைத்த துப்பாக்கி, வேகத் தோட்டா மேலே போய்விட்டது. முயல் ஓடியே போனது. கல்லிலிருந்து 'ஙொய்ங்' என்று ஒரு நீள அழுகை கிளம்பி, எங்கள் தலைக்கு மேல் அல்ல, மேட்டுக்கு மேல் போனது. மர்டோ இருந்த பக்கம்.

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. டல்சி சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பியை வெளியே தள்ளி, எடுத்துப் பார்த்தாள். முகம் மாவாக வெளுத்தது. மிச்சத் தோட்டாவையும் உருவிக் கோட்டுப் பையில் போட்டாள்.

"மர்டோ!" என்று கத்தினேன். "மர்டோ! டேய், பதில் சொல்லுடா!"

ஒன்றும் இல்லை. போனை எடுத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் சிக்னல் என்றைக்கு இருந்தது, இன்றைக்கு இருக்க?

அப்போது நாய் வந்தது. ஃப்ளோ. மர்டோவின் காலை விட்டு ஒரு அடி நகராத கழுதை. வாலை இடுக்கிக்கொண்டு, தனியாக மேட்டிலிருந்து இறங்கி ஓடி வந்து என் பாவாடைக்குள் தலையை நுழைத்தது. அதன் உடம்பு வெடவெடவென்று ஆடியது.

"நாயில ரத்தம் இருக்கா பாரு" என்றாள் டல்சி.

"பாக்க மாட்டேன்! நீயே பாரு!"

அவள் தடவிப் பார்த்தாள். "இல்ல. நட."

எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். கைகளையும் ஊன்றி ஏறினேன். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவனை ஆறு தோட்டா வீணாகக் கூடாது என்று கொன்றுவிட்டேன் என்ற ஒரே நினைப்பு. என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். அவன் குறட்டையைத் திட்டமாட்டேன் என்றுகூடச் சொன்னேன்.

உச்சியிலிருந்து பார்த்தால் வாய்க்கால் தெரிந்தது. மண்வெட்டி கரையில் கிடந்தது. தண்ணீருக்குள் அவன் குப்புறக் கிடந்தான்.

நான் போட்ட கூச்சலில் அவன் தலை தூக்கினான்.

"சுடாதீங்கடி பாவிகளா!" என்று அலறினான். "இன்னும் எத்தன வச்சிருக்கீங்க?"

சேற்றுத் தண்ணீரில் நனைந்து, உதடு நீலம் பாரித்து, உயிரோடு இருந்தான். தலைக்கு மேல் சத்தம் கேட்டதும் விழுந்தவன், அடுத்தது வருமோ என்று பயந்து, மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்திருக்கிறான். மேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து நான் கத்தியதுகூடத் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன், பிறகு தோளில் இரண்டு போட்டேன். அவனும் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை.

மதகுப் பலகையில், அவன் குனிந்து நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, நசுங்கின ஈயம் பதிந்திருந்தது.

"என்ன டல்சி, உன் சிவப்புப் பெட்டி தெறிக்காதுன்னு அடிச்சு பேசுவியே?" என்றான் மர்டோ. பல் கிட்டித்தது.

"என் தப்பு" என்றாள் டல்சி. முக்கால் மணி நேரம் பேசுகிறவள், இரண்டே வார்த்தை.

நான் வாயைத் திறக்கவில்லை. கோழை. அவனைச் சூடு தண்ணீரில் குளிக்க அனுப்பிவிட்டு, அவள் வண்டி வரைக்கும் கூடப் போனேன். அங்கே தாங்க முடியவில்லை.

"டல்சி, அந்தத் தோட்டாவ டப்பாவுல போட்டது நான். ஆறு. மர்டோ கோட்டுல இருந்துச்சு. சொல்ல மறந்துட்டேன்."

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ போட்டது எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா குழி இல்லாதது ஒண்ணு இருக்குன்னு தெரியும். செருகும்போது விரல்ல பட்டுச்சு. மூக்கு வழவழன்னு இருந்துச்சு. நாப்பது வருஷமா தடவுற விரல், அதுக்குத் தெரியாதா? முயல் எந்திரிச்சு உக்காந்திருந்துச்சு. குனிஞ்சு பாத்தா ஓடிடும். ஒண்ணுதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன் நோலீன்."

தன் வலது ஆள்காட்டி விரலை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனையோ பேரைத் திட்டின வாய், அந்த விரலைத் திட்டத் தெரியாமல் மூடிக்கிடந்தது.

அவள் தொழிலை விடவில்லை. முயல் விடுமா? ஆனால் எங்கள் வயலுக்கு வரும்போதெல்லாம் டப்பாவை என் சமையல் மேசையில் கவிழ்க்கிறாள். அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து என் பக்கம் தள்ளுகிறாள், நான் மூக்கில் குழியைக் கண்ணால் பார்த்துத் துணியில் வைக்கிறேன். முப்பது தோட்டா. டீ ஆறிப்போகும். மர்டோ அதுவரைக்கும் வெளியே போகாமல் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறான், முப்பதாவது தோட்டாவும் துணிக்குள் போன பிறகுதான் தொப்பியை எடுக்கிறான்.