குதிரைக்கு வைத்தியர் வரவில்லை

கன்னிவாடிக்கு முதன்முதலாக டூரிங் கொட்டகை வந்தபோது ஆனந்தமேரிக்குப் பதினோரு வயது. அவளுடைய அப்பா வண்டி பூட்டி நாலு பிள்ளைகளையும் கூட்டிப்போனார். அவள் பார்த்த முதல் சினிமா அதுதான். ஒரு ஜட்கா வண்டிக்காரன், அவன் வளர்த்த வெள்ளைக் குதிரை, இவ்வளவுதான் கதை. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட எஜமானின் குழந்தையைக் குதிரை முதுகில் சுமந்து நீந்திவரும். கரையேறுகிற இடத்தில் பாறை இடுக்கில் கால் சிக்கி ஒடிந்துபோகும். இனி இது எதற்கும் ஆகாது என்று எஜமான் துப்பாக்கியோடு வருவார். வண்டிக்காரன் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறுவான். வெடிச்சத்தம் கேட்கும். அதோடு படம் முடிந்துவிடும்.

ஆனந்தமேரி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது வெறும் படம், நிசமில்லை என்று அப்பா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். மனிதர்கள் நடிப்பார்கள், குதிரைக்கு நடிக்கத் தெரியுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் முழித்துக்கொண்டு நின்றார்.

பதினாறு வயதில் அவளைத் திண்டுக்கல்லில் சூசைமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் அவனுக்கு வேலை. முதலில் சகாயசெல்வி பிறந்தாள். இரண்டு வருஷம் கழித்துப் பாக்கியராஜ். அவனுக்கு இரண்டு வயது முடிந்த மாதம் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தான். காய்ச்சல் இறங்கியபோது இடது கால் தொங்கிப்போயிருந்தது. இளம்பிள்ளை வாதம் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், நேர்ந்துகொண்டார்கள். கால் சூம்பியதுதான் மிச்சம்.

ஸ்டேஷனுக்குப் போகிற ஜட்கா வண்டிகள் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். நிலைப்படியில் உட்கார்ந்தபடி பாக்கியராஜ் நாளெல்லாம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாலு வயது இருக்கும்போது ஒருநாள் குதிரைக் கதை சொல்லச் சொன்னான். முன்பின் யோசிக்காமல் அவள் அந்தப் படத்தையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வெள்ளம் வந்தது, குழந்தையைக் காப்பாற்றியது, கால் ஒடிந்தது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். மகன் தன் இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெறகு?" என்றான்.

"பெறகு... ஒரு வைத்தியரு வந்தாருப்பா" என்றாள் ஆனந்தமேரி.

அந்த வைத்தியரை அவள் அப்போதுதான் உண்டாக்கினாள். மலையிலிருந்து பச்சிலை கொண்டுவந்து கட்டினார் என்றாள். மூன்று மாதத்தில் குதிரை எழுந்து நின்றது, விந்தி விந்தி நடந்தாலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனது என்றாள். அன்று முதல் பாக்கியராஜுக்கு வேறு கதை பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் வைத்தியருக்குத் தாடி முளைத்தது, தோளில் ஒரு பை வந்தது, குதிரையிடம் பேசவும் கற்றுக்கொண்டார்.

அறுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம் வேடசந்தூர் ரோட்டில் ஒரு டெண்ட் கொட்டகை போட்டார்கள். ஒருநாள் விளம்பரத் தட்டி கட்டிய மாட்டுவண்டி கொட்டடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. நோட்டீஸ் வீசினார்கள். சகாயசெல்வி ஓடிப்போய் ஒன்றைப் பொறுக்கிவந்து தம்பியிடம் கொடுத்தாள். ரோஸ் தாளில் வெள்ளைக் குதிரை, அதன் முதுகில் குழந்தை, சுற்றிலும் வெள்ளம்.

"அம்மா, நம்ம குதிரை" என்றான் பாக்கியராஜ்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த சூசைமுத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போகலாம் என்று சொல்லிவிட்டான். அவனும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வைத்தியர் கதையைத்தான் கேட்டிருந்தான். பிள்ளைகள் அந்தப் பக்கம் போனதும் ஆனந்தமேரி அடுப்படியில் வைத்து அவனிடம் உண்மையைச் சொன்னாள். நாள் முழுக்க ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் புரட்டுகிறவன். ஒரு சினிமாக் குதிரைக்காக இப்படி ஒரு சங்கடம் வரும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"போகாம இருக்க முடியாது. தெரு முழுக்கச் சொல்லிட்டான்" என்றான். "அந்த எடம் வாரதுக்கு முன்னாடி சாடை காட்டு. நான் வெளிய தூக்கிட்டுப் போயிருதேன்."

ஞாயிற்றுக்கிழமை பொழுது இறங்கியதும் புறப்பட்டார்கள். பாக்கியராஜ் அப்பாவின் தோளில் இருந்தான். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அவனுக்கு உயரமாக மேடு கட்டிக்கொடுத்தாள் சகாயசெல்வி. ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு பாகம் முடிந்ததும் விளக்குப் போட்டார்கள். முறுக்கு விற்கிறவன் வந்துபோனான். பாக்கியராஜ் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளம் வரும் என்றான், வந்தது. குழந்தை விழும் என்றான், விழுந்தது. பின்னால் இருந்த பெண்பிள்ளைகள் அவனை வியந்து பார்த்தார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமையை ஆனந்தமேரி அதுவரை பார்த்ததில்லை.

குதிரை பாறையில் ஏறியது. அவள் கணவனின் கையைக் கிள்ளினாள்.

"ஏலே, வெளிய போயிட்டு வருவமா?" என்று சூசைமுத்து குனிந்து மகனைத் தூக்கப்போனான்.

"எனக்கு ஒண்ணும் வரல. இனிமேத்தாம்ப்பா வைத்தியரு வருவாரு" என்றான் அவன். தூக்க வந்த கையைத் தள்ளிவிட்டான். இன்னொரு முறை தூக்கப்போனபோது வீறிட்டான். மறைக்காதே, உட்கார் என்று பின்னால் சத்தம் போட்டார்கள். சூசைமுத்து உட்கார்ந்துவிட்டான். மகனின் கண்ணைப் பொத்தலாமா என்று ஆனந்தமேரி கையை உயர்த்தினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தோணியாரே, படம் அறுந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மற்ற நாட்களில் பத்துத் தடவை அறுந்துபோகிற படம் அன்றைக்கு அறுந்துபோகவில்லை.

வெடிச்சத்தம் கேட்டது. கொட்டகையில் பாதிப்பேர் அழுதார்கள். திரையில் 'வணக்கம்' என்று எழுத்து வந்தது. சனம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கலைந்தது. பாக்கியராஜ் மட்டும் அசையாமல் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் எழுத்து தெரியாது. அடுத்த பாகத்துக்காக விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தான். படம் முடிந்துவிட்டது என்று அக்கா சொன்னபோதும் நம்பவில்லை. ஒரு பாகம் பாக்கி இருக்கிறது, மெஷின்காரரிடம் கேட்கலாம் என்று அடம்பிடித்தான்.

சூசைமுத்து அவனைத் தூக்கிக்கொண்டு மெஷின் அறைக்குப் போனான். ஆபரேட்டர் நூர் அகமது பேகம்பூர்க்காரர்தான், முகம் தெரிந்தவர். படச்சுருளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். வைத்தியர் வருகிற பாகத்தை ஏன் ஓட்டவில்லை என்று பாக்கியராஜ் கேட்டான். நூர் அகமது பையனைப் பார்த்தார், தொங்கிய காலைப் பார்த்தார், பிறகு ஆனந்தமேரியைப் பார்த்தார். என்ன சொல்வது என்று அவர் கேட்பதுபோல் இருந்தது. உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்றும் அவளால் சொல்ல முடியவில்லை, பொய் சொல்லுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு அனுப்புன பெட்டியில இம்புட்டுத்தான் தம்பி வந்துச்சு" என்றார் நூர் அகமது.

"மிச்சம் எங்க இருக்கு?"

அவர் கையில் இருந்த சுருளைத் துடைத்துக்கொண்டே நின்றார். "தெரியலப்பா" என்றார்.

வீட்டு வாசலில் கால் கழுவும்போது சகாயசெல்வி, "எதுக்கும்மா மாத்திச் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. ஆனந்தமேரி செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் பாக்கியராஜ் அந்தப் பாகம் எப்போது வரும் என்று கேட்டான். பிறகு கேட்பது நின்றது. கதை கேட்பதும் நின்றது. அவளாக ஒருநாள் மத்தியானம் சோறு ஊட்டும்போது ஆரம்பித்தாள். வெள்ளம் வரை வந்தாள். அதற்குமேல் வைத்தியரைக் கூட்டிவர அவளுக்கு வாய் வரவில்லை. அவன் மீதியைக் கேட்கவும் இல்லை. நிறுத்தி நிதானமாக மென்று சாப்பிட்டான்.

"நம்ம ஊருல கால் ஒடிஞ்சா யாரும்மா சுடுவா?" என்றான்.

"நம்ம ஊருல யாருகிட்டயும் துப்பாக்கி இல்லப்பா."

அவன் யோசித்தான். "போலீசுகிட்ட இருக்கு" என்றான்.

அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. மனிதர்களுக்கும் குதிரைக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்லலாம். அப்படியானால் குதிரையை மட்டும் ஏன் என்று கேட்பான். கன்னிவாடியில் அப்பா முழித்துக்கொண்டு நின்றது அவளுக்கு நினைவு வந்தது.

ஜூன் மாதம் அவனைக் கோயில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காலையில் இடுப்பில் தூக்கிப்போய் விட்டு, சாயங்காலம் தூக்கிவருவாள். மூன்றாவது வாரம் பொன்னழகு டீச்சர் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினாள். ஆளுக்கு ஒரு கதை சொல்லச் சொன்னபோது பாக்கியராஜ் ஒரு குதிரைக் கதை சொன்னானாம். துப்பாக்கி வெடித்தது வரை சொல்லி நிறுத்திவிட்டானாம். வகுப்பே அழுதுவிட்டதாம். இந்த வயதுப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட கதைகளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று டீச்சர் தன்மையாகத்தான் சொன்னாள். ஆனந்தமேரி சரிங்க டீச்சர் என்றாள்.

தெருமுனை வரை பொறுத்துக்கொண்டு வந்தவள், பிறகு கேட்டாள்:

"வைத்தியரு வந்ததச் சொல்லிருக்கலாமேப்பா?"

"போன வாரம் அப்படித்தாம்மா சொன்னேன்" என்றான் பாக்கியராஜ், அவள் கழுத்தைக் கட்டியபடி. "ஒருத்தரும் அழுகல."

ஆனந்தமேரி அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.