லிட்டருக்குப் பதினாலு

அல்வாலில் போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கும் ஜெகதீஸ்வரனைப் பார்த்தால், இப்போதெல்லாம் எல்லாரும் முதலில் அவருடைய வண்டியைத்தான் விசாரித்தார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் புது பிக்கப். லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். பொய்யில்லை. டாங்க்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு அது.

அந்தப் பதினாலைக் காப்பாற்ற அவர் பட்ட பாடுதான் வெளியே தெரியாது. மே மாத வெயிலிலும் ஏசி போடமாட்டார். இறக்கம் வந்தால் நியூட்ரலில் உருளவிடுவார். ஷாமீர்பேட்டைத் தாண்டிப் பாறைக்காட்டு நிலங்களுக்குப் போகவென்றே வாங்கிய வண்டியைத் தார் ரோடு முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, மோட்டாரைத் தோளில் சுமந்து நடந்தார். ஒரு எண்ணுக்கு இவ்வளவு அடங்கி நடக்கிறோமே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டார்.

மல்லாபூரில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தேவசகாயம், ரயில்வே காலனியில் அவரோடு சேர்ந்து வளர்ந்தவர். பண்ணைவீட்டுக் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் ஏற்றிப்போக அதே வண்டியைப் பார்த்துவைத்திருந்தார். பன்னிரண்டுக்குக் குறைந்தால் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது. ஜெகதீஸ்வரன் சொன்னதை நம்பி, அன்று சாயங்காலம் ஷோரூமில் பதிவு செய்வதாக இருந்தார். அதற்குமுன் ஒரு தடவை வண்டியில் வந்து பார்க்கிறேன் என்று காலையில் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் வியர்வையைத் துடைத்தபடி வந்தவர், தார் ரோடு முடிந்ததும் வண்டி நின்றதைப் பார்த்து முழித்தார்.

“கைக்குடா, ஏன் நிறுத்திட்டே? உள்ளே பாதை இருக்குல்ல?”

கொஞ்ச தூரம்தான், நடந்துவிடலாம் என்றார் ஜெகதீஸ்வரன். அதற்குள் பின்பக்கம் போய் மோட்டாரைத் தோளுக்கு ஏற்றியிருந்தார்.

“ஏன்டா ஜெகா, நீ வண்டி வாங்கினியா, வண்டி உன்னை வாங்கிச்சா?”

ஜெகதீஸ்வரன் சிரிக்கவில்லை. மோட்டாரைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இவன் ஜெனரேட்டரைத் தோளில் தூக்கிப் போகமுடியாது. மேடு பள்ளமெல்லாம் பாரத்தோடு வண்டிதான் ஏறவேண்டும். பேசாமல் இருந்தால் சாயங்காலம் பதிவு முடிந்துவிடும்.

மோட்டாரைத் திரும்ப வண்டியில் வைத்தார். ஏசியைப் போட்டார். நான்கு சக்கரத்துக்கும் இழுப்பைக் கொடுத்துப் பாறைமேல் ஏற்றினார். வண்டி எந்தச் சிரமமும் காட்டவில்லை. டாஷ்போர்டில் மைலேஜ் எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. கிணற்றடியில் நிறுத்தி அதைக் கையால் காட்டினார்.

“ஒன்பது. உன் ஜெனரேட்டரோட வெயிட்டுக்கு இன்னும் குறையும். நான் சொன்ன பதினாலை வச்சு எடுக்காதே.”

“ஹவ், சரிதான்” என்றார் தேவசகாயம். “அப்ப எனக்கு நக்கோ, வேணாம்.” கோபம் இருந்ததா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்கி வேலிப்பக்கம் போய் ஷோரூமுக்குப் போன் செய்தார். ஜெகதீஸ்வரன் மோட்டாரை இறக்கப் போனார்.

திரும்பும்போது ஜெகதீஸ்வரன் ஏசியை அணைக்கவில்லை.

மறுவாரம் பெட்ரோல் பங்கில் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து, எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டார்.

“எங்கே ஓட்டப் போறீங்க?” என்று கேட்டார் ஜெகதீஸ்வரன்.