எனக்கென்றே செய்த பைக்

நாற்பது வயதில் எனக்கு ஸ்போர்ட்ஸ் பைக் ஆசை வந்தது. தன்னை அறிவதே அறிவு என்று தத்துவப் புத்தகங்களில் அடிக்கோடு போட்டுப் படித்தவன் நான். என் உயரத்தை மட்டும் அறிந்துகொள்ளவில்லை.

வில்லியனூர் ஷோரூமுக்குக் கம்பெனி ஷூவோடு போனேன். பைக்கில் ஏறி உட்கார்ந்தபோது அதன் தடித்த அடியின் தயவில் இரண்டு காலும் தரையைத் தொட்டன.

"கொஞ்சம் தாழ்வா ஒண்ணு பாக்கலாமேங்க?" என்றாள் மனைவி வினோதினி. என்னைவிட உயரமானவள், பிறந்த வீட்டிலேயே பைக் ஓட்டிப் பழகியவள்.

"இது எனக்குன்னே செஞ்சது, வினோ."

காட்டேரிக்குப்பம் ஐயனாரப்பன் கோயிலில் பூஜை போட்டோம். சாமி முன்னால் ஷூவைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறினேன். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. ஸ்டாண்டை எடுத்ததும் என் கால்விரல்கள் தரையைத் தேடித் துழாவின. வண்டி சாய்ந்தது. வினோதினி ஓடிவந்து பிடித்தாள்.

கற்பூரத் தட்டோடு குதித்து விலகிய பூசாரி, "பழத்த நசுக்கச் சொன்னா என்னிய நசுக்கப் பாக்குறியேப்பா!" என்றார்.

"எறங்குங்க," என்று வினோதினி ஏறி உட்கார்ந்தாள். அவள் பாதங்கள் தரையில் முழுதாகப் பதிந்தன. பழம் நசுங்கியது.

"ஏறுங்க, வூட்டுக்குப் போலாம்."

பின்சீட்டில் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வண்டியைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். யாருக்கு என்பதில்தான் பிசகிவிட்டது.