லூபோரின் அரை டிகிரி

நேற்று மாலை தானே முறுக்கிய ஆறு போல்டுகளை லூபோர் இன்று காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை என்றால் அப்படித்தான். லிப்னிச்கா ஊரின் புல் ஓடுதளத்தில் மற்றவர்கள் விமானம் ஓட்டுகிறார்கள். லூபோர் போல்டு ஓட்டுகிறார்.

அவரைப் பற்றி ஓடுதளத்து பீர்க் கடையில் ஒரு வதந்தி உலவுகிறது. மனைவி ஹெத்விகாவைத் தராசில் நிற்கவைத்து, "நாலு கிலோ குறை, விமானத்துல ஏத்திக்கிறேன்" என்றாராம். "நான் குறையறதுக்கில்ல, உன் வண்டிக்குத் தெம்பு ஏத்து" என்றாளாம் அவள். அந்த ரோஷத்தில்தான் பழைய மரப் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, அறுபதாயிரம் கொருனாவுக்குப் புதியது வாங்கினாராம். கடைக்காரி இதைச் சத்தியம் செய்து சொல்கிறாள். ஆனால் நேற்றைய குலாஷ் குழம்பைக்கூட இன்று வைத்தது என்று சத்தியம் செய்பவள் அவள். ஆகவே விசாரணை ஹெத்விகாவிடமே போயிற்று.

விமானக் கொட்டகை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, ரொட்டிக்குள் பன்றித்தொடைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் அவள். பறப்பதற்கென்றே தலையில் கட்டிய சிவப்புக் குட்டை.

"தராசு நிஜம்தான். கோழித் தீவனக் கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்தான். ஆனா அவன் நிறுத்தது என் கைப்பையை. என் எடையை என்னைக் கேக்காமலே எப்பவோ எழுதி வெச்சிருந்தான், பாவி. அதுவும் ரெண்டு கிலோ கூட்டி!"

விமானம் லூபோர் சொந்தக் கையால் கட்டியது. ஏழு வருடம். இறக்கைத் துணியைத் தைத்தவள் ஹெத்விகா. படுக்கையறையில் அது காய்ந்த குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் படுத்தவளும் அவளே. பறக்கத் தொடங்கி நாலு வருடமாகிறது. இன்றுவரை அவள் அதில் ஏறியதில்லை. ஓடுதளத்தின் கோடியில் பாப்லர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மரப் புரொப்பல்லரோடு லூபோர் தனியாகப் போனாலே இலை உதிரும்; இருவராகப் போனால் கிளைக்கு உத்தரவாதமில்லை.

புதியது அப்படியல்ல. தரையில் நிறுத்தி, போல்டைத் தளர்த்தி, பிளேடுகளின் சாய்வை மாற்றிக்கொள்ளலாம். சாய்வைக் குறைத்தால் விமானம் சட்டென்று மேலேறும், வேகம் வராது. கூட்டினால் வேகம் வரும், ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். வானத்தில் போனபின் மாற்ற வழியில்லை. இரண்டில் ஒன்றைத் தரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். லூபோரிடம் முடிவு கேட்பதும் பாப்லரிடம் வழி கேட்பதும் ஒன்று.

முதல் வாரமே சாய்வைக் குறைத்துத் தனியாக ஏறிப் பார்த்தார். பாப்லர்கள் எங்கோ கீழே கிடந்தன. இறங்கி வந்ததும் ஹெத்விகா குட்டையை இறுக்கி முடிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கொட்டகை ராதிம் வாயைத் திறந்தார்.

"ஏறுனது சரிப்பா. ஆனா ரோட்ல பீட்ரூட் ஏத்திட்டுப் போன டிராக்டர் உன்னை முந்திடுச்சே, கவனிச்சியா?"

போயிற்று. ஒரு டிகிரி கூட்டினார். வேகம் வந்தது; பாப்லர்களும் கூடவே திரும்பி வந்தன. அரை டிகிரி குறைத்தார். அப்புறம் கூட்டினார். இப்போது யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "தரையில என்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரத்து நூறு சுத்து" என்று பதில் வருகிறது. விசாரித்தது அவர் உடல்நிலையை.

போன சனிக்கிழமை நடந்தது தனிக் கதை. வால் சக்கரத்தை ஒரு பீர்ப் பெட்டிமேல் ஏற்றி, விமானத்தை மட்டமாக்கிக்கொண்டுதான் லூபோர் சாய்வுமானியைக் கையில் எடுப்பார். முதல் பிளேடை அளந்து முறுக்கிவிட்டார். அதற்குள் ராதிமுக்குத் தாகம். பெட்டியை உருவிக்கொண்டு, பதிலுக்கு ஒரு விறகுக்கட்டையைச் செருகினார். கட்டை நாலு விரல் குட்டை; வால் இறங்கி, விமானத்தின் மட்டமே மாறிவிட்டது. விஷயம் தெரியாமல் லூபோர் இரண்டாவது பிளேடையும் அதே எண் வரும்வரை பக்தியோடு திருப்பி முறுக்கினார். என்ஜின் கிளம்பியதும் அவருடைய மூக்குக்கண்ணாடி நடுங்கி நடுங்கி இறங்கி மடியில் விழுந்தது.

"ஏமாத்திட்டானுங்க! கோணல் சரக்கு!" என்று கத்தியவர், புரொப்பல்லர் செய்தவர்களுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். பதில் ஒரே வரியில் வந்தது: "இரண்டு பிளேடுக்கும் நடுவில் விமானத்தின் வாலை யாராவது தொட்டார்களா?"

அந்தப் பதிலைப் பீர்க் கடை முழுக்க வாசித்துக் காட்டினார்கள். ராதிமுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இன்று தன் விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஹெத்விகாவின் நாற்காலிக்கு எதிரே நிறுத்தினார்.

"அக்கா, நான் பண்ண பாவத்துக்கு நானே பரிகாரம் பண்றேன். வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

ஹெத்விகா லூபோரைப் பார்த்தாள்.

"லூபோர், போகட்டுமா?"

"ம்... போ, போ. இந்த பிளேடு நுனியை மட்டும் ஒரு நிமிஷம் பிடிச்சுட்டுப் போ."

அவள் பிடிக்கவில்லை. செய்துவைத்த ரொட்டியை அவர் கருவிப்பெட்டிமேல் வைத்துவிட்டு நடந்தாள். ராதிமின் விமானத்தில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"இது ராதிம் கணக்கு. நீ எனக்குச் சொன்ன ஒரு சுத்து பதினோரு வருஷமா பாக்கி. அது அப்படியே நிக்குது, தெரிஞ்சுக்கோ."

"அடுத்த சனிக்கிழமை. அரை டிகிரிதான் இடிக்குது!"

ராதிமின் விமானம் புல்லில் ஓடி, எழும்பி, பாப்லர்களுக்கு மேலே சிரமமில்லாமல் போயிற்று. ஜன்னல் வழியே ஒரு கை வெளியே நீண்டது. சிவப்புக் குட்டை படபடத்தது. கொட்டகை வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் கையாட்டினார்கள்.

லூபோரும் கையை உயர்த்தினார். அதில் சாய்வுமானி இருந்தது. ஒற்றைக் கண்ணை மூடி, ராதிம் எத்தனை டிகிரியில் ஏறுகிறார் என்று அளந்துகொண்டிருந்தார்.