அத்தாவும் நானும் கிரவுண்ட் ஸ்கூல் தேடியது

பைலட்டாகப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று வீட்டில் யாரும் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "சரி, அந்த சட்டிய இப்டி தள்ளு" என்றாள். திருவண்ணாமலையில் பைகளும் பெட்டிகளும் விற்கிற கடை எங்களுடையது. அத்தா அன்றைக்குக் கடையிலிருந்து வந்ததும் கேட்ட ஒரே கேள்வி, "எங்க சொல்லித் தராங்க?" என்பதுதான்.

அதற்குப் பதில் எனக்கும் தெரியாது. நான் பி.காம் முடித்துவிட்டு வேங்கிக்காலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். விமானம் ஓட்டுகிற உரிமத்துக்கு முதலில் எழுத்துத் தேர்வுகள் உண்டு: வழி கணக்கிடுவது, வானிலை, விதிமுறைகள் என்று. அதற்குப் பாடம் நடத்துகிற இடத்துக்குப் பெயர் கிரவுண்ட் ஸ்கூல். இதை விளக்கியதும் அம்மா, "தரையிலயே ஓட்டறதுன்னா பஸ் ஓட்டேன்" என்றாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாமு இன்னும் மோசம். "மேல டிராஃபிக்கே கெடையாது. கூட்ட நேரத்துல அடி அண்ணாமலைகிட்ட ஆட்டோவ திருப்ப சொல்லு, அவன்தான் பைலட்" என்றார்.

முதலில் சென்னையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போனோம். உள்ளே ஏசி. கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் எங்களை உட்காரவைத்து, "ஏவியேஷன் மேல ஆசை எப்போ வந்துச்சு மேம்?" என்று கேட்டாள். சின்ன வயதில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். "ஜிஎஸ்டி போட்டுப் போட்டு வந்துச்சு" என்றேன். அவள் சிரிப்பை மாற்றாமல் "சூப்பர்" என்றாள். பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தேன் என்றபோதும் அதே சிரிப்பு. "அதெல்லாம் பாத்துக்கலாம் மேம்." யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது அவர்கள் பெயர் அச்சடித்த ஒரு பை கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அத்தா அந்தப் பையின் ஜிப்பை ஒரு இழுப்பு இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"வேணாம்" என்றார்.

"அத்தா, அவங்க பை விக்கல. பாடம் விக்கறாங்க."

"எனக்கு பைதானே தெரியும். தெரிஞ்சத வெச்சுதான பாக்க முடியும்?"

அடுத்தது டெல்லியிலிருந்து ஆன்லைன் வகுப்பு. மாதிரி வகுப்பு இலவசம் என்றதால் குடும்பமே என் போனைச் சுற்றி உட்கார்ந்தது. ஆசிரியர் இங்கிலீஷில் வணக்கம் சொன்னார். இரண்டே வாக்கியத்தில் இந்திக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரக்கு எடுக்கப் போய்ப் போய் உருது பேசிப் பழகிய அத்தாவுக்கு எல்லாம் விளங்கியது. "காத்து இந்தப் பக்கம் அடிச்சா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் மூக்கை திருப்பி வெக்கணுமாம்" என்று மொழிபெயர்த்தார். வகுப்பு முடியும்போது அவர் கேள்வி வேறு கேட்டார், ஆசிரியர் பாராட்டினார். இதில் சேர்ந்தால் எனக்கு முன்னால் அத்தாதான் பைலட் ஆவார் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

மூன்றாவது இடம் சென்னைப் புறநகரில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. மேலே போவதற்கு முன்னால் கீழே டீ குடித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் விசாரித்தேன். "கிளாஸ் நல்லாருக்கும்க்கா. ஃபேன்தான் ஓடாது" என்றான் ஒருவன். நம்பத் தகுந்த பேச்சாகப் பட்டது.

பாடம் எடுப்பவள் என்னைவிட இரண்டொரு வயது பெரியவளாக இருப்பாள். காமர்ஸ் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பிளஸ் டூல ஃபிசிக்ஸ், மேத்ஸ் இல்லனா லைசென்ஸ் தர மாட்டாங்க. ஓபன் ஸ்கூல்ல அந்த ரெண்டையும் எழுதி பாஸ் பண்ணுங்க. அதுக்கும் முன்னாடி மெடிக்கல் எடுத்துடுங்க. கண்ணு, காதுல ஏதாவது இருந்தா இதெல்லாம் வேஸ்ட். அப்புறமா வாங்க."

ஒரு வியாபாரியாக அத்தாவுக்கு அதிர்ச்சி. "நீங்க பைலட்டாம்மா?" என்று கேட்டார்.

"லைசென்ஸ் இருக்கு சார். வேலைதான் இன்னும் கெடைக்கல."

திரும்பும்போது பௌர்ணமிக் கூட்டம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். திண்டிவனம் தாண்டியும் அத்தா அடங்கவில்லை. "வேலை கெடைக்காதவங்ககிட்டயா வேலைக்கு படிக்க போற?"

"மூணு பேர்ல உண்மைய சொன்னது அந்த அக்கா மட்டும்தான்."

"கடைக்கு வந்தவங்கள திருப்பி அனுப்புது அந்த பொண்ணு. இது என்ன வியாபாரம்?"

கிரிவலத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் இடையில் புகுந்து, "பேங்க் எக்ஸாம் எழுதுமா" என்றார். அதற்குப் பிறகு அத்தா அவரோடுதான் சண்டை போட்டுக்கொண்டு வந்தார். தன் மகளுக்குத் தான் மட்டும்தான் அறிவுரை சொல்லலாமாம், வழியில் ஏறியவர்கள் சொல்லக்கூடாதாம். கீழ்பென்னாத்தூர் வருவதற்குள் அத்தாவே என் கட்சிக்கு வந்துவிட்டார்.

மெடிக்கலில் தேறினேன். அப்புறம் ஃபிசிக்ஸும் மேத்ஸும். காலையில் படிப்பு, பகலில் ஜிஎஸ்டி. தேர்வு அன்று வாசலில் நின்ற மேற்பார்வையாளர், "பேரண்ட்ஸெல்லாம் வெளிய நில்லுங்க" என்று என்னைத் தடுத்தார். ஹால் டிக்கெட்டைக் காட்டித்தான் உள்ளே போனேன். இரண்டிலும் சுமாரான மதிப்பெண். ஆடிட்டர் ஆபீஸை விட்டுவிட்டு டயர் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஃபேன் உண்மையாகவே ஓடவில்லை.

விதிமுறைத் தேர்வில் ஒரு தடவை தோற்றேன். வழி கணக்கிடும் பாடத்தில், எனக்கே ஆச்சரியமாக, முதல் தடவையிலேயே தேறினேன். தப்பாகக் கணக்குப் போட்டால் அந்த அக்கா திட்டமாட்டாள். "இப்போ நீங்க கடல்ல இருக்கீங்க" என்பாள், அவ்வளவுதான்.

ஒருநாள் மேகங்களைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். படிக்கட்டில் நின்று ரொம்ப மெதுவாகப் பேசினாள். திரும்பி வந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். "ஏர்லைன்ல எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் சேரணும்" என்றாள். பிறகு பலகையில் பாதியில் நின்ற மேகத்தை வரைந்து முடித்தாள்.

வகுப்பு முடிந்ததும் அத்தாவுக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டம், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா? அந்த அக்காவுக்கு வேலை கெடைச்சிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். யாரிடமோ சில்லறை கேட்டார். பிறகு, "அப்ப உனக்கு யாரு பாடம் எடுப்பாங்க?" என்றார்.

நான் அதை யோசிக்கவே இல்லை.