அடையாளத்துக்கு நாலு வரி

றெஜினாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தான் சிவக்கும். 2004 மாசி மாதம் முழுக்க அது சிவந்தே கிடந்தது.

பகலில் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்ப்பாள். மிச்ச நேரமெல்லாம் ஒப்பாரி. மன்னார்ப் பெண்கள் செத்தவீட்டில் பாடும் ஒப்பாரியின் சந்தந்தான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. வரி எங்கே முறிகிறது, 'என்ர ராசா' என்று கூப்பிடுமுன் ஒரு தாளம் ஏன் வெறுமையாக நிற்கிறது என்று ஆறு வருடம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். முப்பத்தொரு ஒலிநாடாக்கள். பாதிக்கு மேல் அல்போன்சம்மாவின் குரல்.

மொன்றியலில் மன்னார்க் கத்தோலிக்கர் யார் கண்மூடினாலும் அல்போன்சம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஊராருக்கெல்லாம் அழுதவர், தொண்ணூறாம் ஆண்டு ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போய், திரும்பி வராத தன் மகன் டெனிஸ்டனுக்கு மட்டும் அழுததில்லை. ஞாயிறு தோறும் அவனுடைய சுகத்துக்குப் பூசை கேட்பார். கார்த்திகையில் மாதா கோவிலில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலில் அவன் பெயரை ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஆய்வு முடிகிற நேரம் பார்த்துப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கழுத்தைப் பிடித்தது. பாடியவரின் சம்மதக் கையெழுத்து எங்கே? இல்லையென்றால் நாடாக்களை அழித்துவிடு.

அல்போன்சம்மா ஒரேயடியாக மறுத்தார். வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைத்து, அகதி வழக்கில் இரண்டு வருடம் இழுபட்டவர். றெஜினா வரிக்கு வரி தமிழில் சொல்லிப் பார்த்தாள், மாதாமேல் சத்தியம் பண்ணினாள், கத்தியும் பார்த்தாள். மனிசி அசையவில்லை.

பிறகு குழு இறங்கி வந்தது. அதுவும் என்ன இறக்கம்! வாயால் சம்மதம் சொன்னால் போதுமாம். ஆனால் நாடாவில் இருப்பது அவர் குரல்தான் என்பதற்கு, அடையாளமாக நாலு வரி பாடிக் காட்ட வேண்டுமாம். கள்ளனுக்கு ரேகை எடுப்பதுபோல! ஆனாலும் றெஜினா தலையாட்டிவிட்டு வந்து அல்போன்சம்மாவிடம் கேட்டாள்.

"ஆற்ற சாவுக்கெண்டு பாடுறது, பிள்ளை?"

சாவில்லாமல் ஒப்பாரி எடுத்தால் வீட்டில் சாவு விழும். ஒருவருக்கு அழுததை இன்னொருமுறை அழவும் கூடாது. இதையெல்லாம் அடிக்குறிப்பில் எழுதியவளே றெஜினாதான். எழுதியவளே, நாலு வரிதானே அன்ரி, சும்மா பாடுங்கோ என்றாள்.

குழுவின் அறையில் மூன்று பேராசிரியர்கள், மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள். அல்போன்சம்மா சம்மதத்தைச் சொன்னார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டார். இரண்டாம் வரியில் டெனிஸ்டனின் பெயர் வந்தது.

நாலு வரி முடிந்ததும் குழுத் தலைவர் கையை உயர்த்தி, மெர்சி, நன்றி, போதும் என்றார்.

"வாயை மூடுங்கோ," என்று தமிழிலேயே சீறினாள் றெஜினா. "மனிசி அழுது முடிக்கட்டும்."

பதினாலு வருட அழுகை நாலு வரியில் முடியுமா? றெஜினா மேசையில் ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினாள். 'என்ர ராசா'வுக்கு முந்திய அந்த வெறுந்தாளம் வந்தபோது அவள் அதை எண்ணிக் கணக்கெடுக்கவில்லை.

பட்டம் கிடைத்தது. கார்த்திகையில், கோவில் வாசலில், இறந்தோர் பட்டியலுக்கான தாளை அல்போன்சம்மா அவளிடம் நீட்டினார்.

"நீயே எழுது, பிள்ளை. நீதானே பாடச்சொன்னனி."

குழுவின்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே தன் பக்கம் திரும்பியது. றெஜினா பேனையை எடுத்து டெனிஸ்டன் என்று எழுதினாள்.