எஸ்றாவுக்கு வாசித்த ஓலை

எஸ்றா பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். பத்து வருடமாக மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறார். "போறவனுக்கெல்லாம் தாள் எழுதிக் கொடுக்கேன், நான் இங்கனயே கெடக்கேன்" என்று ஒருநாள் சொன்னவர், அடுத்த ஞாயிறே குறும்படம் எடுக்க ஆரம்பித்தார். என் செல்போன்தான் கேமரா. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், அதே அலுவலகத்தில் கணினி இயக்குகிறேன். படித்தது இதற்குத்தானா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதனால் கூடப் போனேன்.

ஏழாவது ஞாயிறு கடைசிக் காட்சி. ஆராதனை முடிந்து சர்ச் காலியாக இருந்தது. நாயகன், நாயகி இருவருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பை பீடத்தில் நின்று ஒருவர் வாசிக்க வேண்டும். எங்கள் சபையில் அதை ஓலை என்போம்; கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். நாயகன் எஸ்றாவே. நாயகி, பாடகர் குழுவில் பாடும் எப்சி. வாசிக்க வந்தவர் போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்; தாளில் கதாபாத்திரங்களின் பெயரைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"இல்லாத பேரைப் பீடத்துல நின்னு வாசிக்கமாட்டேன்வே. பொய்யாயிரும்."

எஸ்றா அவசரமாக இரண்டு பெயரையும் அடித்துவிட்டுத் தன் பெயரையும் எப்சியின் பெயரையும் எழுதினார். உபதேசியார் பழக்கதோஷத்தில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு வாசித்தார்.

"இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். இது முதலாம் ஓலை."

தெரு முழுக்கக் கேட்டது. எப்சியின் அப்பா அப்பாத்துரை சோற்றுக் கையோடு ஓடி வந்தார்.

"ஏலே எஸ்றா! வியாழக்கெழம ஏரல்ல இருந்து பிள்ளையப் பாக்க வாராவ. நீ ஓலை வாசிக்கியோ?"

"படத்துக்கு, மாமா..."

"யாருக்குலே மாமா?"

எப்சி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரு ரெண்டும் மெய்தானவே" என்றார் உபதேசியார், உதவி செய்வதாக நினைத்து.

"இவ மூஞ்சி ஒண்ணுலயும் இருக்கக்கூடாது. அம்புட்டையும் அழி" என்றார் அப்பாத்துரை.

எஸ்றா எப்சியைப் பார்த்தார்.

"அழிச்சிருங்கண்ணே" என்றாள்.

எஸ்றா தலையசைத்தார். அப்பாத்துரையின் கண்முன்னே செல்போனில் இருந்த அத்தனையையும் அழித்தேன்.

இன்று புதன்கிழமை. முந்தைய ஆறு வாரக் காட்சிகளின் பிரதி அலுவலகக் கணினியில் இருக்கிறது. எஸ்றாவுக்கும் தெரியும். மூன்று நாளாக அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வைத்திருந்தால் எப்சிக்குத் துரோகம். அழித்தால் அவருக்கு மறுபடி அந்த நாற்காலி மட்டும்தான். யாருக்காக நான் பேசாமல் இருக்கிறேன்?

மாலை எஸ்றாவே என் மேசைக்கு வந்தார்.

"ஒருதடவ பாத்துக்கிடுதேன். பாத்துட்டு நானே அழிச்சிருதேன்."

எழுந்து இடம் கொடுத்தேன். அரை மணி நேரமாகிறது. முதல் காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறார்.